உன் அம்மாவின் கட்டைவிரல்

அன்பு மகனே,

உன் அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். உன் கோபம்தான் சுகமில்லை என்று உன் இன்லேண்ட் கடிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை, ஓசூரில் வேலைக்கு நடுவில் உட்கார்ந்து இப்படி ஒரு கடிதம் எழுதியிருக்கிறாய். பெண்ணுக்குப் பூ வைக்கப் போன அன்று, கீழப்பழுவூரில் அத்தனை பேர் கூடியிருக்க, மாமியாராக வரப்போகிறவள் தன் கையால் பூ வைக்காமல் சித்தியிடம் கொடுத்து வைக்கச் சொன்னாளே, அம்மாவுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லையா என்று கேட்டிருக்கிறாய். அந்தப் பெண் முகம் வாடிப்போனதாகவும் எழுதியிருக்கிறாய். கடிதத்தை முதலில் பிரித்துப் படித்தது உன் அம்மாதான். படித்துவிட்டு மடித்து அலமாரியில் வைத்தாள். மறுநாள் காலையில் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அவனுக்கு எழுதிடுங்க. முழுசா எழுதுங்க. உங்க தப்பையும் சேத்து எழுதுங்க" என்றாள். பதினெட்டு வருடமாக என் வாயைக் கட்டி வைத்திருந்தவளும் அவள்தான். அதனால் இது நீளமான கடிதம். சாவகாசமாக உட்கார்ந்து படி.

முதலில் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு உன் வலது உள்ளங்கையைப் பார். கட்டைவிரலுக்கு அடியில், மணிக்கட்டை ஒட்டிச் சதைப்பற்றாக ஒரு மேடு இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். அதற்குள் சின்னச் சின்னதாக மூன்று தசைகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. ஒன்று கட்டைவிரலை உள்ளங்கையிலிருந்து மேலே தூக்கும். ஒன்று மடக்கும். இரண்டுக்கும் அடியில் இருப்பதுதான் முக்கியமானது. மணிக்கட்டின் எலும்பிலிருந்தும் அதன் குறுக்கே ஓடும் பட்டையிலிருந்தும் கிளம்பி, கட்டைவிரலின் முதல் எலும்பின் வெளிவிளிம்பு நெடுகப் பிடித்திருக்கும். அது இழுக்கும்போது கட்டைவிரல் அப்படியே திரும்பி மற்ற விரல்களுக்கு முகம் காட்டும். உன் கட்டைவிரல் நுனியால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுப் பார். தொட முடிகிறதா? அது இல்லாமல் பேனா இல்லை, ஊசி இல்லை, சட்டைப் பொத்தான் இல்லை, ஒரு சிட்டிகை உப்பு இல்லை. அந்த மேட்டுக்கு உயிர் கொடுப்பது மணிக்கட்டின் நடுவே, அந்தப் பட்டைக்கு அடியில் வரும் நரம்பு. அதிலிருந்து நூல் மாதிரி ஒரு கிளை பிரிந்து மேட்டுக்குள் போகிறது. அந்த நூல் செத்தால் மேடு வற்றிவிடும், கட்டைவிரல் ஆள்காட்டி விரலுக்குப் பக்கத்தில் தட்டையாகப் படுத்துக்கொள்ளும். பயிற்சி வகுப்பில் அதற்குக் 'குரங்குக் கை' என்று பெயர் சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். சுகாதாரத் துறையில் இருந்தேன் என்று பள்ளிக்கூட நோட்டில் எழுதுவாய். ஊரில் என்னைத் தொழுநோய் சார் என்பார்கள், வாய்க்கொழுப்பு உள்ளவர்கள் குஷ்டரோகி சார் என்றே சொல்லுவார்கள். அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவருடைய மகனுக்கு அரசாங்க வேலை கிடைத்ததே பெரிய காரியம், பட்டப்பெயர் எதுவானால் என்ன என்று இருந்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் பெரம்பலூரைச் சுற்றி நான் சைக்கிள் மிதிக்காத ஊர் இல்லை. வீடு வீடாகப் போய் எல்லோருடைய தோலையும் பார்க்க வேண்டும். வெளுத்த தேமல் இருந்தால் கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். பிறகு முழங்கையின் உட்பக்கம் நரம்பைத் தடவிப் பார்க்க வேண்டும். கடைசியாகக் கை. உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, "கட்டைவிரலை வானத்தைப் பாத்துத் தூக்குங்க, நான் அழுத்துவேன், நீங்க விடக் கூடாது" என்பேன். ஒரு விரலால் அழுத்துவேன். தசை நன்றாக இருந்தால் கட்டைவிரல் கம்பம்போல நிற்கும், இல்லையென்றால் விழுந்துவிடும். ஒரு நாளைக்கு எத்தனை கட்டைவிரல்களை அழுத்தியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

குரும்பலூரில் ஒரு பெரியவரை அவருடைய பிள்ளைகள் மாட்டுக் கொட்டகையில் தள்ளி வைத்திருந்தார்கள். தட்டு தனி, சொம்பு தனி. நான் போய் அந்தப் பிள்ளைகளோடு மல்லுக்கு நின்றேன். மாத்திரை சாப்பிடுகிறவரிடமிருந்து யாருக்கும் எதுவும் ஒட்டாது, இதுவும் மற்ற நோயைப் போல ஒரு நோய், மறைக்கவும் வேண்டாம் ஒதுக்கவும் வேண்டாம் என்று அரை மணி நேரம் பேசினேன். அவர் தட்டிலேயே சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டுக் காட்டினேன். கடைசியில் அவர் கட்டிலை வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டார்கள். அன்று சைக்கிளில் திரும்பும்போது எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. இந்தப் பெருமையை நீ மறந்துவிடாதே, பின்னால் தேவைப்படும்.

அப்போது உனக்கு ஐந்து முடிந்து ஆறு நடந்துகொண்டிருந்தது. துறையூர் ரோட்டில் ஓட்டு வீட்டின் ஒரு பகுதியில் வாடகைக்கு இருந்தோம். உன் வயதுப் பிள்ளைகள் எல்லாம் பொத்தான் போடத் தெரியாமல் அம்மாவிடம் ஓடும்போது நீ மட்டும் நாக்கைத் துருத்திக்கொண்டு நீயே எல்லாப் பொத்தானையும் போடுவாய். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "நீயே போடு ராசா, நீதான் பெரிய ஆளாச்சே" என்பாள். பிள்ளையை எப்படி வளர்க்கிறாள் பார் என்று ஆபீஸில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். அதே சமயம் குழம்பில் சின்ன வெங்காயத் தோல் மிதக்க ஆரம்பித்தது. சின்ன வெங்காயம் விளைகிற பெரம்பலூரில் குடியிருந்துகொண்டு வெங்காயம் உரிக்கத் தெரியாதா என்று ஒருநாள் தட்டை நகர்த்தி வைத்தேன். இன்னொரு நாள் அவள் ஆள்காட்டி விரலில் பெரிய கொப்புளம். கேட்டதற்கு ஆவி பட்டுவிட்டது என்றாள், சரி என்று விட்டுவிட்டேன். கொப்புளம் போட்ட விரலை வைத்துக்கொண்டு அவள் ஒரு தடவையாவது ஸ் என்று சொன்னாளா என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஊரான் வீட்டுக் கையில் அதைப் பார்த்திருந்தால் அந்த நிமிடமே நோயாளிகளின் பெயர் பதியும் நோட்டை எடுத்திருப்பேன்.

கண்டுபிடித்தது நீதான், தம்பி. உனக்கு அது நினைவிருக்காது. ஞாயிற்றுக்கிழமை. என் கைப்பையை மாட்டிக்கொண்டு, என் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு நீ சார் ஆகிவிட்டாய். எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரம்மாவின் கட்டைவிரலை அழுத்தினாய், அந்த அம்மா வேண்டுமென்றே தடுமாறுகிற மாதிரி நடித்தார். என் விரலை இரண்டு கையாலும் அழுத்தினாய், நான் விடவில்லை. பிறகு உன் அம்மாவிடம் போனாய். அவள் வேலை இருக்கிறது என்று எழுந்தாள், நீ முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாய். உள்ளங்கையை விரித்து, "தூக்குங்க, விடக் கூடாது" என்று என் குரலிலேயே சொல்லி, உன் சுண்டுவிரலை வைத்தாய். அழுத்தக்கூட இல்லை. கட்டைவிரல் விழுந்துவிட்டது. நீ கைதட்டிக் குதித்தாய்.

"அப்பா, அம்மா தோத்துட்டாங்க. சுண்டுவெரலுக்கே தோத்துட்டாங்க."

வீட்டுக்காரம்மா சிரித்தார். நானும் சிரிக்கப் போனவன் உன் அம்மா முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். இத்தனை வருடமும் அம்மா உன்னை ஜெயிக்க விட்டாள் என்றுதான் நினைத்திருப்பாய். அவள் விடவில்லையடா. தன்னால் ஆன மட்டும் தூக்கிப் பிடித்தாள்.

உன்னைக் கடைக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தி அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். மேடு இருந்த இடம் காற்று இறங்கிய பந்து மாதிரிக் குழிந்திருந்தது. வளையல்களை மேலே ஏற்றினால் அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெளுத்த தேமல். கண்ணை மூடச் சொல்லிப் பேனா முனையால் தொட்டேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் நான் தொட்டுக்கொண்டே இருக்கிறேன், அவள் "தொடுங்க" என்று சொல்லிக் காத்திருக்கிறாள். பெரும்பாலும் முழங்கை நரம்புதான் முதலில் போகும், இவளுக்கு மணிக்கட்டு நரம்பில் வந்திருக்கிறது என்று என்னவோ வகுப்பு எடுப்பதுபோலச் சொன்னேன். எத்தனை நாளாக என்று கேட்டேன். பதினொரு மாதம் என்றாள். தெரிந்துமா சொல்லவில்லை என்று கத்திவிட்டேன். நோயின் படங்கள் போட்ட அட்டை எங்கள் வீட்டுச் சுவரில்தான் தொங்கியது, தினமும் அதன்கீழ்தான் அவள் சமைத்தாள். அவளுக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

"உங்க நோட்டுல எம் பேரையும் எழுதுவீங்களே. எழுதிட்டா நீங்க அந்த நோட்டத் தூக்கிக்கிட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஊருக்குள்ள போவீங்க?" என்றாள்.

நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? குரும்பலூர்க் கொட்டகையில் சொன்னதைத்தானே சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன், வீட்டுக்காரம்மா காதில் விழுந்துவிடுமோ என்று. என் தப்பு அங்கேதான் தொடங்கியது. என் நோட்டில் அவள் பெயரை எழுதவில்லை. அரியலூர்ப் பக்கம் என்னைப் போலவே வேலை பார்த்த நண்பர் ஒருவர் இருந்தார். அவருடைய நோட்டில், வேறு பெயர், வேறு ஊர் சொல்லிப் பதியச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு எழுதினார். மாதா மாதம் பஸ்ஸில் அரியலூர் போய் மாத்திரை வாங்கி வந்தோம். உன் பெரியம்மா அப்போது அங்கே இருந்தாளே, அவளைப் பார்க்கப் போகிறோம் என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்லுவோம். பஸ்ஸில் தெரிந்தவர் ஏறினால் உன் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். மறைக்காதீர்கள் என்று ஊர் ஊராகச் சொன்ன வாய், தன் வீட்டு வாசலில் மட்டும் ஊமையாகிவிட்டது.

பெரிய டாக்டரிடம் காட்டினோம். அவர் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நோய் போய்விடும், அதில் சந்தேகம் வேண்டாம் என்றார். ஆனால் ஆரம்பத்திலேயே, ஐந்தாறு மாதத்துக்குள் வந்திருந்தால் மருந்தும் கட்டும் போட்டு இந்த நரம்பைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம், இனிமேல் இந்தத் தசை திரும்பாது என்றார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிறகு அவரே வழியும் சொன்னார். மோதிர விரலை மடக்க, கயிறு மாதிரி இழுக்கும் இரண்டு தசைநாண்கள் உண்டு. ஒன்றை எடுத்துவிட்டாலும் மற்றது அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். எடுத்ததை உள்ளங்கை வழியாகத் திருப்பிக் கொண்டுபோய்க் கட்டைவிரலில் தைத்துவிட்டால், செத்துப்போன தசையின் வேலையை அது செய்யும். அதற்கான ஆஸ்பத்திரி வடக்கே தூரத்தில் இருந்தது. அரியலூரில் ரயில் ஏறினோம். உன்னை அரும்பாவூரில் சித்தி வீட்டில் விட்டு, பெரியம்மாவின் பிரசவத்துக்கு அம்மா போகிறாள் என்று சொன்னோம். ஒன்றாம் வகுப்பில் என்னை மூன்று மாதம் அநாதையாக விட்டுவிட்டுப் போனீர்களே என்று இன்னும் விளையாட்டாகக் குத்திக் காட்டுகிறாய். அந்த வருடம் உன் பெரியம்மாவுக்குப் பிள்ளையே பிறக்கவில்லை என்பதை, கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய நீ, ஒருநாளும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. அவள் உள்ளங்கைத் தழும்பை அரிவாள்மனை வெட்டு என்று சொன்னதும் பொய்தான்.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகுதான் உண்மையான பாடு. தைத்த தசைநாணுக்குத் தான் இடம் மாறிவிட்டது தெரியாது. கட்டைவிரலை அசை என்று அவள் நினைத்தால் எதுவும் அசையாது. மோதிர விரலை மடக்குகிறோம் என்று நினைக்க வேண்டும், அப்போது கட்டைவிரல் எழுந்திருக்கும். பயிற்சி கொடுத்தவர் தினமும், "கட்டைவிரலை மறந்துடும்மா, மோதிர விரலை நினை" என்பார். உன் அம்மா கண்ணை மூடி, உதட்டைக் கடித்து நினைப்பாள். நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் போவேன். மூன்றாவது ஞாயிறு அவள் கட்டைவிரல் மெதுவாக, மிக மெதுவாக எழுந்து நின்றது. ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் பார்க்க நான் அழுதேன். உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. அதனால் எதை எடுத்தாலும் கண்ணால் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பயிற்சிக்கு அங்கே மணி, குண்டூசி, ஆணி எல்லாம் கொடுப்பார்கள். அவள் கேட்டு வாங்கியது ஒரு பழைய சட்டை. திரும்பத் திரும்ப அதன் பொத்தான்களைப் போட்டாள், அவிழ்த்தாள், போட்டாள்.

நாங்கள் அரும்பாவூருக்கு உன்னைக் கூட்டிப் போக வந்த காலையில், நீ பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தாய். அம்மாவைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. கோபம். உன் அம்மா உன் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து, உன் சட்டையின் மேல் பொத்தானைப் பிடித்தாள். மோதிர விரலை நினைத்துக்கொண்டிருந்தாள், எனக்குத் தெரிந்தது. பொத்தான் துளைக்குள் பாதி நுழைந்துவிட்டது. நீ அவள் கையைத் தட்டிவிட்டு, "நானே போட்டுக்குவேன். நீங்க ஒண்ணும் போட வேணாம்" என்று சொல்லிவிட்டுத் திண்டாடாமல் நாலே நொடியில் எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டு போய்விட்டாய். நீ பச்சைப் பிள்ளை, உன்மேல் தப்பில்லை. உன்னை அவ்வளவு சாமர்த்தியசாலி ஆக்கியதே அவள்தானே. ஆனால் அதற்குப் பிறகு நாலு பேர் முன்னால் அவள் அந்தக் கையை நீட்டி நான் பார்த்ததில்லை. அன்றே நான் உன்னை இழுத்து நிறுத்தி, நில்லடா, அம்மா போடட்டும் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று நீ கேட்டால் பொய்க்கு மேல் பொய் சொல்ல வேண்டுமே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

இப்போது கீழப்பழுவூருக்கு வருகிறேன். அன்று பூச்சரத்தோடு ஹேர்பின்னையும் அவள் கையில் கொடுத்தார்கள். இரவு வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள்: "பூவ வச்சிருப்பேங்க. பின்னு செருகணுமே. முனை அந்தப் புள்ள தலையில குத்துனாக்கூட எங் கைக்குத் தெரியாது. நல்ல நாளும் அதுவுமா அதுக்கு வலிச்சிருச்சுன்னா?" உன் வருங்கால மனைவிக்கு ஒரு பொட்டு வலிக்கக் கூடாது என்று ஒதுங்கியவளைத்தான், இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லையா என்று கேட்டிருக்கிறாய். உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. சொல்லாமல் வைத்தவன் நான்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பன் ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். குழம்பில் வெங்காயத் தோல் மிதந்தால் தட்டை நகர்த்தாதே, அவள் கையைப் பிடித்துப் பார். வீட்டில் ஏதாவது ஒன்று திடீரென்று நன்றாக நடந்தால், பெருமைப்படுவதற்கு முன்னால் ஏன் என்று கேள். உடம்புக்கு வந்ததை அவமானம் என்று நினைத்து ஜன்னலைச் சாத்தாதே. உன் அம்மாவின் நோய் போய்ப் பல வருடம் ஆயிற்று, அவளிடமிருந்து யாருக்கும் எதுவும் வராது. இப்போது இன்னும் நல்ல மருந்துகள் வந்துவிட்டன. ஆனாலும் ஊர் வாய் அப்படியேதான் இருக்கிறது. சம்பந்தி வீட்டிலும் சொல்லிவிட வேண்டும் என்று உன் அம்மா பிடிவாதமாக இருக்கிறாள். மறைத்துவிட்டு ஒரு பெண்ணை இந்த வீட்டுக்குள் கூட்டி வர அவளுக்குச் சம்மதமில்லை. உன் பதில் வந்ததும் நானே கீழப்பழுவூர் போகிறேன். எத்தனையோ வீட்டு வாசலில் நின்று சொன்னதைத்தான் சொல்லப் போகிறேன், இந்த முறை என் வீட்டைப் பற்றி. அவர்கள் கல்யாணத்தை நிறுத்தினாலும் நிறுத்தலாம். அந்தப் பயம் எனக்கு இருக்கிறது, உன் அம்மாவுக்கு அதைவிட அதிகமாக இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் நீ முதலில் சொல்வதானால் சொல், அது உன் விருப்பம். வாடிய முகத்துக்குக் காரணம் தெரிந்தால் அவளே ஒரு முடிவு சொல்லக்கூடும்.

எது நடந்தாலும் நடக்கட்டும், நீ ஒரு நாள் லீவு போட்டு வந்துவிட்டுப் போ. மன்னிப்பு கின்னிப்பு என்று வசனம் பேச வேண்டாம், அவளுக்குப் பிடிக்காது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் சட்டையின் மேல் பொத்தான் இரண்டையும் அவிழ்த்துவிட்டுக்கொள். வீட்டுக்குள் வந்து அவள் முன்னால் போய் நில். முதலில் அவள் திட்டுவாள், பெரிய மைனர் மாதிரி வர்றான் பாரு என்பாள். பிறகு கையை நீட்டுவாள். கொஞ்சம் நேரம் ஆகும், தம்பி. அவள் மோதிர விரலை நினைத்துக்கொண்டிருப்பாள். நீ கையைத் தட்டிவிடாமல் நின்றால் போதும்.

உன் அப்பா